பத்து ரூபாய்ப் பழுது

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்து இருக்கிறது வலியசாலை. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் அது. அங்கே ஒரு கணவனும் மனைவியும் முறுக்கும் அப்பளமும் செய்து விற்கிறார்கள். பாலராமபுரம், நெய்யாற்றின்கரைக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகப் பழைய மாருதி 800 கார் ஒன்றை வாங்கினார்கள்.

இந்தக் கார் 1983-இல் விற்பனைக்கு வந்தது. 2014-இல் தயாரிப்பு நின்றது. ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

ஒரு நாள் நேமத்தில் நெரிசல். கார் நின்றது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. நெரிசல் தீர்ந்து கார் ஓடியதும் முள் இறங்கியது. மறுநாளும் அப்படியே நடந்தது.

பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"ரேடியேட்டரை மாற்ற வேண்டும். 6,500 ரூபாய் ஆகும்" என்றார்.

வீட்டில் 7,000 ரூபாய் இருந்தது. அது மகளின் கல்லூரிக் கட்டணம். கணவர் தயங்கினார். மனைவி மெதுவாகச் சொன்னார்:

"எதற்கு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்க."

"எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை" என்றார் மெக்கானிக்.

இருவரும் வேறு பட்டறைக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, நிற்கும்போது சூடாகிறதா? ஓடும்போது சூடாகிறதா?"

"நிற்கும்போதுதான்."

"அப்படியானால் முதலில் விசிறியைப் பார்ப்போம்."

கார் ஓடும்போது காற்று வந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது காற்று வராது. அப்போது மின்விசிறி சுழல வேண்டும். இந்தக் காரில் விசிறி சுழலவில்லை. விசிறியின் ஃபியூஸ் போயிருந்தது. ஏன் போனது? ஒரு வயரின் மேல்தோல் உரசித் தேய்ந்து, கம்பி இரும்பில் பட்டிருந்தது. மெக்கானிக் வயரைச் சரிசெய்தார். புது ஃபியூஸ் போட்டார். விசிறி சுழன்றது.

பில்லை மனைவி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

ஃபியூஸ் – 10 ரூபாய்
வயர், டேப் – 40 ரூபாய்
கூலண்ட் – 300 ரூபாய்
கூலி – 250 ரூபாய்
மொத்தம் – 600 ரூபாய்

"கூலண்ட் எதற்கு?" என்று கேட்டார்.

"சூட்டில் பொங்கி வெளியே போயிருக்கிறது, அக்கா. அதை நிரப்பினேன்."

"பழைய ஃபியூஸைக் கொடுங்கள்."

அவர் கொடுத்தார். உள்ளே இருந்த மெல்லிய கம்பி அறுந்திருந்தது.

முதல் மெக்கானிக் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அவர் சோதிக்காமல் சொன்னார். மகளின் கட்டணம் தப்பியது, கேட்டதனால்.

ஆனால் சிறு பழுதை அப்படியே விடவும் கூடாது. சூடான என்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் எரிந்துவிடும். பிறகு செலவு பல ஆயிரம் ஆகும்.

நினைவில் வைப்போம்

1. முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.
2. ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றக் கூடாது. வண்டி தீப்பிடிக்கலாம்.
3. பழுது எப்போது வருகிறது என்று கவனித்துச் சொல்ல வேண்டும்.
4. வேலைக்கு முன் செலவை எழுதி வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் பில்லும் பழைய பாகமும் கேட்க வேண்டும்.
5. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பில் அதற்குச் சாட்சி.

கணக்குப் போடுவோம்

1. முதலில் கேட்ட தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் வேறுபாடு எவ்வளவு?
2. 7,000 ரூபாயில் 600 ரூபாய் போக மீதி எவ்வளவு?
3. உங்கள் வீட்டில் கடைசியாகப் பழுது பார்த்த பொருள் எது? அதன் செலவை இந்தப் பில்லைப் போல எழுதுங்கள்.