அடிக்கும் குழந்தை

கேட்டது கிடைக்காவிடில் இரண்டு வயதுக் குழந்தை தரையில் விழுந்து அலறுகிறது. தூக்க வரும் தாயின் முகத்தில் அறைகிறது. 'இப்போதே இப்படியா!' என்று நாம் அஞ்சுகிறோம். அவ்வயதில் ஆசை பெரிது, சொல் சிறிது. சினத்தை அடக்கும் மூளைப் பகுதி முதிர இன்னும் பல்லாண்டுகள் ஆகும்.

அமெரிக்க உளநூலறிஞர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப், தாய்மார் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு 1931இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இச்சினம் இரண்டாம் ஆண்டில் மிகுந்து பின் குறைவதையும், உணவு வேளைக்குச் சற்றுமுன் அடிக்கடி எழுவதையும் அது காட்டிற்று. ஆகவே முதலில் பசியையும் தூக்கத்தையும் கவனிப்போம்.

ஓங்கிய கையை நோகாமற் பிடித்து, 'அடிக்கக்கூடாது; அம்மாவுக்கு வலிக்கும்' என்று தாழ்ந்த குரலில் ஒருமுறை சொன்னாற் போதும். அலறும் வேளையில் நீண்ட உபதேசம் காதில் ஏறாது. அடிக்கு இணங்கிக் கேட்ட பொருளைக் கொடுத்துவிடவும் கூடாது. நாம் திருப்பி அடித்தாலோ, வலியவர் அடிக்கலாம் என்றே குழந்தை கற்கும்.

நம் இல்லங்களில் மற்றொரு பழக்கமும் உண்டு. குழந்தை தடுக்கி விழுந்தால், 'இந்தத் தரைதானே தள்ளியது?' என்று பாட்டி தரையை அடித்துக் காட்டி அழுகையை ஆற்றுகிறார். மாமன் கன்னத்தில் குழந்தை அறைந்தால் வீடே சிரிக்கிறது. நேற்றுச் சிரிப்பைப் பெற்ற அடிக்கு இன்று தண்டனை கிடைத்தால், குழந்தை எதை மெய்யென்று கொள்ளும்? பாட்டியிடம் இதைப் பணிவாகவே சொல்ல வேண்டும். அவர் அன்பினாலன்றோ அவ்வாறு செய்தார்!

அழுகை ஓய்ந்தபின் மடியில் இருத்தி, 'பந்து கிடைக்காததால் கோபம் வந்ததா?' என்று கேட்போம். தந்தையும் இச்சொற்களையே சொல்லிவருதல் நலம்.