கஞ்சி ஏன் இவ்வளவு நேரம் சுடுகிறது?

ரமளானில் அஸர் தொழுகை முடிந்ததும் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் சிறு பிள்ளைகளே அதிகம். அவர்கள் கையில் போகும் கஞ்சியைப் பற்றி, பிளஸ் ஒன் இயற்பியலில் உள்ள சில செய்திகளைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஒரு கலோரி வெப்பம் வேண்டும். இதைத் தன்வெப்பம் என்பார்கள். இரும்புக்கு இதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு போதும். கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைத் தண்ணீராகவே வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு கிலோ கஞ்சி 90 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆற ஒரு லட்சம் கலோரி வெளியேற வேண்டும்.

வெறும் தண்ணீரில் மேலே ஆறிய பகுதி கனத்துக் கீழே இறங்கும். கீழே உள்ள சூடு மேலே வரும். இதுவே வெப்பச்சலனம். அரிசி குழைந்த கஞ்சி கெட்டியானது, அதாவது பாகுநிலை மிகுந்தது. அதனால் இந்தச் சுழற்சி சரியாக நடப்பதில்லை. மேலே ஆடை படிந்து ஆறியதுபோல் இருக்கும், உள்ளே கொதிக்கும். மேலாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஊற்றாதீர்கள். அகப்பையால் அடிவரை கிளறிப் பாருங்கள். மேலே கொட்டினாலும் இதே கதைதான்: தண்ணீர் வழிந்தோடிவிடும், கஞ்சி தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

பாலிதீன் கவரில் சூடான கஞ்சி வாங்குவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. 2019 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருப்பது ஒருபுறம். சூட்டில் பாலிதீன் இளகி வலுவிழக்கும். கஞ்சியின் கனமும் சேர்ந்தால் எந்த இடத்தில் கிழியும் என்று சொல்ல முடியாது. மூடியுள்ள தூக்கு, அதிலும் நாலு விரல் குறைவாக ஊற்றியது, போதும். பெரியவர் ஒருவர் தூக்கிச் சென்றால் இன்னும் நல்லது.

கஞ்சி காய்ச்சும் சகோதரர்களுக்கு: தேக்சா மூடியை உங்கள் பக்கமாகத் திறக்காதீர்கள். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிடும். பிறகு அந்தத் தண்ணீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது வருவது 63 கலோரிதான். கொதிநீரைவிட ஆவி கொடியது என்பது இதனால்தான்.

சுட்டுவிட்டால் பற்பசை, மை, காப்பித்தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். தோல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். உள்ளே போன சூடு அங்கேயே தங்கிப் புண்ணை ஆழமாக்கும். அதை வெளியே இழுக்க ஓடும் தண்ணீரே சிறந்தது. உடனே ஒளுச் செய்யும் குழாயடிக்குக் கொண்டுபோய் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். முகத்தில் பட்டாலோ, சிறு குழந்தைக்குப் பட்டாலோ, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.