தோட்டத்து ஜீப்பும் ஸ்பெயார் டயரும்

இது டிரைவர்மாருக்கு உள்ள பாடம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இராத்திரியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு தெல்தோட்டை, கலஹா பக்கமிருந்து பேராதனை ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது டயர் போனால், டோர்ச் பிடிப்பதும் சக்கரத்துக்குக் கல் வைப்பதும் கூடப்போன வீட்டு ஆட்கள்தான்.

மோட்டார் வண்டி வந்த புதிதில் ஸ்பெயார் டயர் என்று ஒன்று கிடையாது. ஓட்டை விழுந்தால் அந்த இடத்திலேயே கழற்றி ஒட்ட வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் கையிருப்புச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் இருந்தது ஸ்டெப்னி வீதி. அதனால்தான் இந்தியாவில் இன்றும் அதை 'ஸ்டெப்னி' என்கிறார்கள்.

அந்தச் சக்கரத்தை வண்டியில் எங்கே மாட்டுவது? 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவரின் பழைய மாதிரிகளில் அதைப் பெரும்பாலும் பொனட்டின் மேல் மாட்டினார்கள். எடுப்பது லேசு. ஆனால் கட்டையான டிரைவருக்குப் பாதை மறைக்கும். ஒயில் பார்க்கப் பொனட்டைத் தூக்குவதும் பாரம். பின்னால் வந்த டிஃபெண்டரில் பின்கதவில் மாட்டினார்கள். டயரும் ரிம்மும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ. குழிக்குக் குழி அது குலுங்கினால் கதவுக் கீல் தளரும், கதவே வெடிக்கும். மாதம் ஒருமுறை டயரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கதவும் சேர்ந்து ஆடினால், சட்டத்தில் பூட்டித் தனியாகத் திறக்கும் இரும்புத் தாங்கி போடுவது நல்லது. அதன் கொக்கி துருப்பிடித்து இறுகிவிட்டால் ஸ்ட்ரெச்சரை இறக்க முடியாது, கவனம்.

டபள் கெப் வண்டிகளில் டயர் அடியில் தொங்கும். சேறு பட்டு இறக்கும் கம்பி இறுகிப்போகும். பகலில் ஒருதரம் இறக்கிப் பார்த்து வையுங்கள். கூரைமேல் கட்டினால் பாரம் உயரத்துக்குப் போய் வளைவில் வண்டி சாயும். மஹியங்கனைப் பாதையின் 18 வளைவில் போனவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

எல்லாவற்றிலும் மோசம், களவுக்குப் பயந்து வண்டிக்குள் சும்மா போட்டு வைப்பது. பிரேக் அடித்தால் அது நேரே நோயாளியின் காலில்தான் வந்து விழும். களவுப் பயம் இருந்தால் வெளியே மாட்டிச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். அந்தச் சாவி வண்டிச் சாவியோடு இருக்கட்டும். ஆபிஸ் மேசைக்குள் சாவியும் நடுரோட்டில் ஜீப்புமாக இருந்தால் யாருக்கு என்ன பிரயோசனம்?

இனி முக்கியமான விசயம். டிஃபெண்டர் உட்படப் பழைய லேண்ட் ரோவர்களில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின்சக்கரங்களுக்குப் போகும் சாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் அது சும்மா சுழலும். அப்போது நிலத்தில் நிற்கிற மற்றப் பின்சக்கரமும் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே, கியரிலும் இருந்தபடியே வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும்! ஆகவே நோயாளி உட்பட எல்லாரையும் இறக்கி, மண்திட்டுப் பக்கம் தள்ளி இருத்துங்கள். நிலத்தில் நிற்கும் சக்கரங்களுக்குப் பள்ளப் பக்கமாகப் பெரிய கல் வையுங்கள். நாலு சக்கர இழுவையைப் போடுங்கள். டிஃபெண்டர் என்றால் டிஃப் லொக். மழை ஊறிய மண்ணில் ஜாக்கி புதையும், அடியில் பலகைத் துண்டு வேண்டும். நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே கொஞ்சம் இளக்குங்கள். பூட்டும்போது எதிரெதிராக இறுக்குங்கள். வண்டிக்கு அடியில் யாரும் தலை கொடுக்கக் கூடாது.

ஸ்பெயார் டயரில் காத்து ஓடும் டயரைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். கூடினதைத் திறந்து விடலாம், குறைந்ததை நடுக்காட்டில் எங்கே அடிப்பது? ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்த பிறகு, திரும்புமுன் நட்டுகளை இன்னொரு தரம் இறுக்குங்கள். ஓட்டை டயரை மறுநாள் காலையிலேயே ஒட்டக் கொடுங்கள். அதுவரை ஜீப்பில் ஸ்பெயார் டயர் இல்லை என்பதை டிஸ்பென்சரியில் சொல்லி வையுங்கள்.