காட்டுத்தீயும் காவலர் கவசமும்

திருவனந்தபுரத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் விரைவிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைவர். நெய்யாறு, பேப்பாறை வனவிலங்குச் சரணாலயங்களும், பொன்முடியின் புல்வெளிகளும், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடமும் இப்பகுதியில் உள்ளன. இரு பருவமழைகளையும் பெறும் இம்மலைகளில் தீ எவ்வாறு பரவ இயலும் என்ற ஐயம் எழலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர், ஜனவரி முதல் கோடை மழை வலுக்கும் வரையிலான மாதங்களில், உதிர்ந்த இலைகளும் ஆளுயரப் புல்லும் காய்ந்து சருகாகின்றன. எவரோ அணைக்காது எறிந்த ஒரு பீடித்துண்டு போதும். சரிவு முழுவதும் தீ ஏறிவிடும்.

இத்தீயை எதிர்த்து நிற்போர் யாவர்? வனக் காவலர்கள், தீக்காலத்திற்கென அமர்த்தப்படும் தற்காலிகக் காவலர்கள், காணி இனத்தவர் உள்ளிட்ட மலைவாழ் மக்கள், வனப் பாதுகாப்புச் சமிதிகளின் உறுப்பினர்கள் ஆகியோரே. இவர்களுடைய உடலைக் காக்கும் கவசம் எத்தகையதாக இருத்தல் வேண்டும், அதனை எவ்வாறு பேண வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணியின் தன்மை

நகரத்துத் தீயணைப்பு வீரருக்கு நீர் வண்டியும் குழாயும் துணை நிற்கின்றன. காட்டில் வண்டி செல்லும் வழி அரிது, நீரும் அரிது. பச்சைத் தழைகளைக் கொண்டு தீயை அடித்தல், சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு அமைத்தல், தக்க இடத்தில் எதிர்த்தீ மூட்டுதல் ஆகியவையே இங்குக் கையாளப்படும் முறைகள். இவை யாவும் தீயின் அருகிலேயே நின்று, பல மணி நேரம் உடல் வருந்திச் செய்ய வேண்டிய பணிகளாகும்.

இதன் ஆபத்தை அண்மைக் கால நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. 2020 பிப்ரவரி 16 அன்று திருச்சூர் மாவட்டம் தேசமங்கலத்தை அடுத்த கொற்றம்பத்தூரில், தீயை அணைக்கச் சென்ற வனப் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். 2024 ஜூன் மாதத்தில் உத்தராகண்டத்தின் பின்சர் சரணாலயத்தில் ஏற்பட்ட தீயில் நான்கு பணியாளர்கள் அன்றே மாண்டனர். வேறு சிலர் கடுங்காயமுற்றனர். இந்நிகழ்ச்சிகளுக்கு எவரையும் பொறுப்பாக்குவது நம் நோக்கமன்று. தீயின் முன் நிற்கும் மனிதனுக்கு நாம் என்ன அணிவித்து அனுப்புகிறோம் என்ற வினாவை இவை எழுப்புகின்றன என்பதே கருதத்தக்கது.

ஆடையின் தேர்வு

முதலில் தவிர்க்க வேண்டியதைக் கூறுதல் நலம். இன்று மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர், நைலான் துணிகள் தீயணைப்புப் பணிக்கு ஒவ்வாதவை. பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஏற்படும் புண் மிக ஆழமானது. வெளியாடை எத்துணைச் சிறந்ததாயினும், உள்ளாடையும் காலுறையும் செயற்கை இழையாக இருப்பின் அதே இடர் உண்டு. சாதாரணப் பருத்தி தீப்பற்றும். ஆயினும் உருகி ஒட்டுவதில்லை.

தீத்தடுப்பு வேதிப்பொருள் ஏற்றிய பருத்தித் துணி தீக்கொழுந்து விலகியதும் தானே அணைந்துவிடும். 1960களில் உருவாக்கப்பட்ட நோமெக்ஸ் முதலிய அராமிட் இழைகள் உருகுவதில்லை. கடும் வெப்பத்தில் கருகித் தடித்துத் தோலுக்குத் திரையாகின்றன. காட்டுத்தீப் பணியாளரின் ஆடைக்கென ஐ.எஸ்.ஓ. 15384 என்னும் பன்னாட்டுத் தரமும் உண்டு.

கட்டடத் தீக்குரிய பல அடுக்கு அங்கிகளை வாங்கிக் காவலர்க்கு அளித்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அது தவறாகும். மலைச்சரிவில் உழைப்பவனை வருத்தும் வெப்பத்தின் பெரும்பகுதி அவனுடைய தசைகளின் உழைப்பிலிருந்தே பிறக்கிறது. அவ்வெப்பம் வியர்வை வழியே வெளியேற வேண்டும். தடித்த அங்கி அதனை அடைத்துவிடுவதால் தீ தீண்டுமுன்னரே வெப்ப மயக்கம் ஏற்படும். ஆகவே காட்டுப் பணிக்கு உரியது ஓரடுக்கான, தளர்ந்த, முழுக்கை ஆடையே. தளர்ச்சியினால் துணிக்கும் தோலுக்கும் இடையே அமையும் காற்றுப் படலம் வெப்பத்தைத் தடுக்கிறது. இறுகத் தைத்த சீருடை இப்பயனை அளிப்பதில்லை. சட்டைக் கையை மடித்து விடுவதும் கூடாது.

தலை முதல் கால் வரை

தலைக்கவசம் விழும் கிளைகளிலிருந்தும், அதனுடன் இணைந்த பின்கழுத்துத் திரை தீப்பொறியிலிருந்தும் காக்கின்றன. கண்களுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி தேவை. கைகளுக்குத் தோலுறையே ஏற்றது. ரப்பர் உறையும் நெகிழி உறையும் உருகிவிடும். கணுக்காலுக்கு மேல் உயர்ந்த, கயிறு கட்டும் தோற்காலணி இன்றியமையாதது. செருப்பணிந்தோ வெறுங்காலுடனோ சாம்பலின் மீது நடப்பவருக்குத் தணல் மறைந்திருக்கும் இடம் தெரியாது.

முகத்தில் கட்டும் துணியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. அது சாம்பலையும் பெரிய துகள்களையும் ஓரளவு தடுக்கும். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவை அது சிறிதும் தடுக்காது. தலைவலியும் மயக்கமும் தோன்றுமாயின் புகையை விட்டு விலகுவதே தக்க வழி. குடிநீரையும் கவசத்தின் ஓர் உறுப்பாகவே கொள்ளல் வேண்டும். கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டர் அளவு நீர் தேவைப்படலாம்.

பேணும் முறை

கவசம் வாங்குவதோடு கடமை முடிந்ததெனக் கருதுவது பெருங்குறை. வியர்வையின் எண்ணெய்ப் பசையும், மரம் அறுக்கும் எந்திரத்தின் எரிபொருளும் படிந்த ஆடை தீத்தடுக்கும் ஆற்றலை இழக்கிறது. தானே எரிபொருளாகவும் மாறுகிறது. எனவே பணி முடிந்தவுடன் துவைத்தல் வேண்டும். துவைக்கும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. வெளுப்புத் தூள் சேர்க்கலாகாது. குளோரின் துணியின் வலிமையையும், பருத்தியில் ஏற்றிய வேதிப்பொருளின் பயனையும் குறைக்கும்.

2. கஞ்சி போடலாகாது. விறைப்பான சீருடையே ஒழுங்கிற்கு அடையாளம் என்பது நம்மிடையே ஊறிய வழக்கம். ஆனால் கஞ்சி எரியக்கூடிய மாவுப் பொருள். மென்மையூட்டும் திரவங்களுக்கும் இது பொருந்தும்.

3. உப்பு நீரில் சோப்புக் கட்டி கொண்டு துவைத்தால் எரியக்கூடிய படிவு துணியில் தங்கும். சலவைத் தூள் ஏற்றது. நன்றாக அலசுதல் வேண்டும்.

4. வெயிலில் நெடுநேரம் காயவிடலாகாது. சூரிய ஒளி அராமிட் இழையை நலிவிக்கும். நிழற்காற்றே சிறந்தது.

5. கிழிசலைப் பாலியெஸ்டர் நூலால் தைக்கலாகாது. ஆடையின் அதே வகை இழையே பயன்படுத்தத் தக்கது.

தோற்காலணியை அடுப்பருகே காயவைத்தால் தோல் வெடிக்கும். நிழலில் உலர்த்தி மெழுகு தடவுதல் வேண்டும். தலைக்கவசத்தில் பெயிண்டால் எழுதுவதும், பெட்ரோலால் துடைப்பதும் அதன் நெகிழியைப் பலவீனப்படுத்தும்.

கேரளத்தின் காலநிலை இதில் தனிக் கவனம் கோருகிறது. தீக்காலம் முடிந்தவுடன் மழைக்காலம் தொடங்குகிறது. ஜூன் முதல் ஆண்டிறுதி வரை கவசங்கள் ஈரக்காற்றில் கிடங்கில் கிடக்கின்றன. அழுக்குடன் மூட்டை கட்டி வைத்தால் தோலில் பூஞ்சை படியும். காலணியின் அடிப்பகுதிப் பசை இளகும். எலி நூலைக் கடிக்கும். ஜனவரியில் மூட்டையைப் பிரிக்கும்போது பதிவேட்டில் பத்து இணைக் காலணிகள் இருக்கும். மலையேறத் தகுதியானவை நான்கே இருக்கும். ஆகவே மே மாத இறுதியில் துவைத்து உலர்த்தி அடுக்குதல், மழையிடையே இருமுறை காற்றாட விடுதல், டிசம்பரில் ஒவ்வொன்றாகச் சோதித்தல் என்னும் ஆண்டு ஒழுங்கு வகுத்தல் நலம்.

கவசத்தின் எல்லை

2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யார்னெல் குன்றுத் தீயில் 19 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். தேர்ந்த பயிற்சியும் முழுக் கவசமும் பெற்றிருந்தவர்கள் அவர்கள். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் அலுமினியத் தகடு வேய்ந்த தீக்காப்புக் கூடாரங்களும் அவர்களிடம் இருந்தன. கூடாரம் கதிர்வெப்பத்தைத் தாங்கும். கொழுந்து நேரே கவியும்போது நெடுநேரம் தாங்காது. கவசம் தருவது தப்பிச் செல்வதற்கான சில நொடிகளையே. தீயை நெருங்குவதற்கான உரிமையை அன்று. தீயை நோக்கும் கண்காணிப்பாளர், செய்தித் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம் ஆகிய நான்கும் உறுதியாகாமல் எவரையும் சரிவில் இறக்கலாகாது.

நிருவாகத்தின் கடமை

இந்திய வனஅளவை நிறுவனம் செயற்கைக்கோள் வாயிலாகத் தீ தோன்றிய இடத்தை இன்று விரைவில் அறிவிக்கிறது. 2018-இல் வெளியான தேசியக் காட்டுத்தீச் செயல் திட்டம் காட்டோர மக்களின் பங்கை வலியுறுத்துகிறது. தீயிடம் முதலில் சென்று சேர்பவர்கள் அம்மக்களே. ஆனால் ஊதியப் பட்டியலில் மூன்று மாதங்களுக்கு மட்டுமே இடம்பெறும் தற்காலிகக் காவலரின் பெயர், கவசப் பட்டியலில் இடம்பெறாது போகக்கூடும். நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர் என்ற வேறுபாட்டைத் தீ அறியாது.

எனவே அதிகாரிகள் நான்கு செயல்களை மேற்கொள்ளலாம். சரிவில் இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு கவசம் வாங்குதல். ஆளுக்கேற்ற அளவில், பெண் காவலர்க்கும் பொருந்தும் வகையில் தேர்தல். வாங்கும் தொகையுடன் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்குதல். நைந்த பொருளைத் தயங்காது பதிவேட்டிலிருந்து நீக்குதல். இருப்பு குறையக்கூடாதென்று வெடித்த காலணியைக் கணக்கில் வைத்திருப்பது சிக்கனமாகாது.

எரிந்த புல் அடுத்த மழையில் தளிர்க்கும். தீக்கு இரையான காவலரை எந்த மழையும் மீட்டுத் தராது. டிசம்பர் மாதத்தில் கிடங்கின் கதவைத் திறந்து ஒவ்வொரு காலணியையும் கையில் எடுத்துப் பார்ப்பதிலிருந்தே காட்டுத்தீத் தடுப்பு தொடங்குகிறது.