நடுவில் நிற்கும் சொற்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, முதல் செமஸ்டர் ஆங்கிலப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறாய். அதற்காக ‘அட்வான்ஸ்டு வொக்காபுலரி’ பட்டியலில் தினம் இருபது சொல் உருப்போடுகிறாயாம். உன் உழைப்பில் குறை இல்லை. குறை பட்டியலில்தான்.

நீ எழுதியிருந்த சொற்களைப் பார்த்தேன். லொக்குவேஷியஸ், அப்ஸ்ட்ரெப்பரஸ்... உன் தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தை அட்டைக்கு அட்டை புரட்டினாலும் இவை தட்டுப்படாது. ‘என்ட்ரோபி’ மாதிரி கலைச்சொற்களும் உனக்குத் தடையில்லை. ஆசிரியரே கரும்பலகையில் எழுதி விளக்கிவிடுவார். உன்னை மறிப்பவை இரண்டுக்கும் நடுவில் நிற்பவை: டெரைவ், அஸ்யூம், சப்ஸீக்வென்ட், வேர்ஆஸ், கான்ஸ்டிட்யூட். இவற்றை எந்த வகுப்பிலும் விளக்குவதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. வினாத்தாளில் ‘ஜஸ்டிஃபை’ என்று கேட்டிருக்க, வரையறையை மட்டும் அழகாக எழுதிவைத்து மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பாடம் அவர்களுக்குத் தெரியும். கேள்விதான் புரியவில்லை.

இந்த நடு அடுக்கை ஒருவர் எண்ணியே வைத்திருக்கிறார். நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு துறை எழுத்துகளிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி அலசினார். எந்தத் துறையானாலும் விடாமல் வந்துகொண்டிருந்த 570 சொற்குடும்பங்களை 2000-ல் வெளியிட்டார். அனலைஸ், அனாலிசிஸ், அனலிடிக்கல் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். பாடநூல் பக்கத்தில் ஏறக்குறைய பத்துக்கு ஒரு சொல் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தது. அவருடைய பட்டியலுக்கு அடித்தளம், மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட சுமார் 2000 அடிப்படைச் சொற்கள். வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர்; வங்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச வருவதைவிடப் படித்தால் புரிவதே முதல் தேவை என்று வாதாடியவர். உனக்கும் இப்போதைக்கு அதுதான்.

அந்த 570-ஐயும் இன்னொரு பட்டியலாக்கி உருப்போட்டுவிடாதே. உன் இயற்பியல் புத்தகத்தில் ஒரு பக்கம் எடு. தடுக்கிய சொல்லை, அது இருக்கும் முழு வாக்கியத்தோடு எழுதிக்கொள். சொல்லுக்கு நேரே ஒற்றைத் தமிழ்ப் பொருள் எழுதினால் ஏமாந்துபோவாய். ‘ஃபேமஸ்’, ‘நோட்டோரியஸ்’ இரண்டுக்கும் ‘பெயர்பெற்ற’ என்று எழுதிக்கொண்டவன் நாளைக்குத் தன் தலைமையாசிரியரை நோட்டோரியஸ் ஆக்கிவிடுவான்!

தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். வெயில் பெய்தது என்று உன் வாயில் வராது. எந்த இலக்கணப் புத்தகமும் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்திலும் டிசிஷனை ‘மேக்’ பண்ணுவார்கள், எக்ஸ்பெரிமென்ட்டை ‘கண்டக்ட்’ பண்ணுவார்கள், கன்க்லூஷனை ‘டிரா’ பண்ணுவார்கள். பெயர்ச்சொல் கிடைத்ததும் அதனோடு வந்த வினையையும் குறித்துக்கொள். ஆங்கிலம்-தமிழ் கையகராதி இதைக் காட்டாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுத்த அகராதி காட்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் நண்பர்களும் 1942-ல் டோக்கியோவில் கொண்டுவந்ததுதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி ஆனது.

மறந்துபோகிறது என்று அழுதிருந்தாய். எல்லோருக்கும் மறக்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-ல் எழுதினார்: மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. எனவே ஒரே ராத்திரியில் ஐம்பது முறை படிப்பது வீண், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே வழி. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் சொற்களை எழுதி, ஸ்வீட் டப்பாவில் ஐந்து அறை தடுத்துக்கொள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார், கடைசி அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் சொன்ன வழி இது. போன் செயலிகளிலும் இதே கணக்கு உண்டு. ஆனால் போனைக் கையில் எடுத்தால் நீ சொல் பார்க்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

உன் அறைத்தோழி, வெளிநாடு போக ஜிஆர்இ தேர்வு எழுத இந்தப் பெரிய சொற்கள் வேண்டும் என்கிறாளாம். வேண்டும்தான், ஆனால் முன்போல அல்ல. எதிர்ச்சொல் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் வைத்தே கேட்கிறார்கள். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’யை அப்போது படி. சுவையான புத்தகம், ஆனால் இந்த செமஸ்டருக்கு உதவாது.

அகராதி வாங்கப் பணம் அனுப்புகிறேன். பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு கிடைத்தால் அதையே வாங்கு. மிச்சப் பணத்துக்கு அம்மாவிடம் கணக்குச் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
மாமா