ஈறு வீக்கம்: இன்றா? நாளையா?

ஈறு வீங்கி இருக்கிறது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. தொட்டால் வலிக்கிறது. இந்தத் தொல்லை பலருக்கும் வருவதுதான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? நான்கு நாள் பொறுக்கலாமா? போனால் ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவும் ஆகும். அதனால் பலர் பொறுத்துக் கொள்கிறார்கள். சில வீக்கத்தைப் பொறுக்கலாம். சில வீக்கத்தைப் பொறுக்கவே கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொள்வோம்.

ஈறு ஏன் வீங்குகிறது?

பல்லைச் சுற்றிப் பிடித்திருக்கும் சதைதான் ஈறு. நல்ல ஈறு இறுக்கமாக இருக்கும். பல் துலக்கும்போது ரத்தம் வராது.

தினமும் பல்லின் மேல் மெல்லிய அழுக்கு படிகிறது. அதில் கிருமிகள் வளர்கின்றன. ஒழுங்காகத் துலக்கினால் அழுக்கு போய்விடும். துலக்காமல் விட்டால் இறுகிக் கல் போல ஆகிவிடும். இதற்குப் பெயர் காரை. காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். காரை சேரச் சேர ஈறு சிவந்து வீங்கும். அப்படியே விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பிறகு பல் ஆடும்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஈறு எளிதில் வீங்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். வலிப்பு நோய்க்குத் தரும் சில மாத்திரைகளாலும் ஈறு தடிக்கும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று வகையாகப் பிரிப்போம்

முதல் வகை: சில நாள் பார்க்கலாம்.
துலக்கும்போது மட்டும் கொஞ்சம் ரத்தம் வருகிறது. ஈறு லேசாகச் சிவந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. சீழ் இல்லை. பல் ஆடவில்லை. இதற்கு அவசரம் இல்லை. ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்குங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு வாய் கொப்பளியுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் வகை: ஓரிரு நாளில் போக வேண்டும்.
ஈறில் பரு போல வீங்கிச் சீழ் வருகிறது. வாயில் கெட்ட சுவை இருக்கிறது. பல் ஆடுகிறது. வலியால் இரவில் தூக்கம் இல்லை. இப்படி இருந்தால் தள்ளிப் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வகை: இப்போதே போக வேண்டும்.
வீக்கம் கன்னத்துக்கோ, தாடைக்கோ, கழுத்துக்கோ பரவுகிறது. கண்ணைச் சுற்றி வீங்குகிறது. வீக்கத்தோடு காய்ச்சல் அடிக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. நாக்கின் அடியில் வீங்கிப் பேச்சு குழறுகிறது. மூச்சு திணறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு திணறினால் 108 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பல் வலியால் உயிருக்கு ஆபத்தா என்று கேட்கலாம். பல்லில் தொடங்கும் சீழ் தாடைக்கு அடியில் இறங்கும். அங்கிருந்து கழுத்துக்குப் பரவும். நாக்கை மேலே தள்ளி மூச்சு வழியை அடைக்கும். லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் 1836-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார். இன்று நல்ல மருந்துகள் உண்டு. ஆனாலும் தாமதமாகப் போனால் உயிருக்கு ஆபத்துதான்.

அண்ணியும் தம்பியும்

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் ஒரு குடும்பம். கொழுந்தனுக்கு 22 வயது. கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அந்த இடத்து ஈறு வீங்கி மூன்று நாள் ஆகிறது.

அண்ணி: தம்பி, ஏன் சாப்பாடு அப்படியே இருக்கு?

தம்பி: பசிக்கலை அண்ணி. கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன். வலி குறைஞ்சிடுச்சு.

அண்ணி: வலி குறைஞ்சா கன்னம் ஏன் நேத்தைவிடப் பெரிசா இருக்கு? வாயைத் திற. மூணு விரல் நுழையுதான்னு பாரு.

தம்பி: ஒரு விரல்தான் போகுது.

அண்ணி: எச்சில் முழுங்க முடியுதா?

தம்பி: கஷ்டமா இருக்கு. ஆனா நாளைக்குக் கான்கிரீட் போடறாங்க அண்ணி. போகலேன்னா கூலி போயிடும்.

அண்ணி: கூலி அடுத்த வாரமும் கிடைக்கும். உடம்பு சுடுது. சட்டையைப் போடு. உங்க அண்ணன் ஆட்டோ கூட்டிட்டு வருவார்.

அன்று இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் சீழை வடித்தார். ஊசி மருந்து கொடுத்தார். மூன்று நாள் அங்கேயே இருக்கச் சொன்னார். வீக்கம் வடிந்த பிறகு அந்தப் பல்லை எடுத்தார்.

அண்ணி கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். 'வலிக்கிறதா?' என்று மட்டும் அவர் கேட்கவில்லை. வலி மாத்திரை வலியை மறைக்கும். உள்ளே இருக்கும் சீழை அது எடுக்காது. அதனால் வலியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வாய் திறக்கிறதா, விழுங்க முடிகிறதா, காய்ச்சல் உண்டா, வீக்கம் பரவுகிறதா என்று பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

வீக்கத்தை ஊசியால் குத்தாதீர்கள். கன்னத்தின் மேல் சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்காதீர்கள், ஈறு புண்ணாகும். புகையிலையை அடக்காதீர்கள். பழைய சீட்டைக் காட்டிக் கிருமி மாத்திரை வாங்காதீர்கள். டாக்டர் சொன்ன மருந்தைச் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

புகையிலை, குட்கா போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பார்கள். அது உண்மை இல்லை. காரை எடுத்தால் பல் ஆடும் என்பார்கள். அதுவும் உண்மை இல்லை. காரையால்தான் ஈறு கெட்டுப் பல் ஆடுகிறது.

விடை சொல்லுங்கள்

1. துலக்கும்போது ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தலாமா?
2. வலி குறைந்தும் தம்பியை ஏன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்?
3. இப்போதே போக வேண்டிய அடையாளங்களில் நான்கைச் சொல்லுங்கள்.

எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

பல் டாக்டர் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி: ............
புறநோயாளிச் சீட்டு தரும் நேரம்: ............
இரவில் போக வேண்டிய ஆஸ்பத்திரி: ............
வண்டிக்குக் கூப்பிட: 108

எழுதிய பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.