உடலுக்கும் உண்டு உரிமை
(கேமரன் மலைத் தோட்டப் பள்ளிகளை முன்னிட்டு ஒரு பாடம்)

பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களைத் தடுத்து, உடலுக்கும் செலுத்த வேண்டிய உரிமை உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த வரலாறு புகாரி ஷரீபில் வருகிறது. வணக்கத்தின் பெயரால்கூட உடலின் உரிமையைப் பறிக்கலாகாதென்றால், படிப்பின் பெயரால் பறிப்பது எங்ஙனம் தகும்?

பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கேமரன் மலையில் போ தோட்டம் 1929இல் தோன்றியது. லயத்திலிருந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அந்த நடையே தேகப்பயிற்சி. இன்றோ பல பிள்ளைகள் வேனில் வருகிறார்கள், வகுப்பில் உட்காருகிறார்கள், மாலையில் குர்ஆன் ஓதப் போய் அங்கும் உட்காருகிறார்கள். மைதானத்துக்குப் போகலாமென்றால் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்கிறது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. வாரத்தில் இரண்டொரு பாடவேளையால் இது நிறைவேறாது. ஆகவே வகுப்பறைக்குள்ளேயே வழி தேடுவது அவசியம்.

முதலாவது, ஒரு பாடம் முடிந்து மறுபாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நடக்கட்டும். கைகளை உயர்த்தி இறக்கட்டும். காலைக் குளிரில் விறைத்த விரல்களும் எழுத இணங்கும்.

இரண்டாவது, பாடத்தோடு அசைவைச் சேர்ப்பது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது இலக்கணம். ‘பாடம்’ என்ற சொல்லுக்குப் ‘பா’ இரண்டடி, ‘ட’ ஓரடி, ‘ம்’ குதிகாலை உயர்த்தி இறக்குதல். காது கேட்டதைக் கால் மறவாது. மூன்றாம் வாய்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே நடந்து, மூன்றாவது அடிதோறும் கைதட்டலாம்.

மூன்றாவது, மழையில்லா இடைவேளையில் நொண்டியும் பாண்டியும். பெண்பிள்ளைகளை ஒதுக்கி வைக்கலாகாது. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் கிரந்தம் கூறுகிறது.

எச்சரிக்கையும் வேண்டும். இளைப்பு நோயுள்ள பிள்ளையை வற்புறுத்தலாகாது. நோன்பு நாட்களில் இலேசான அசைவே போதும். ஈரத் தரையில் ஓடவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேகப்பயிற்சியைத் தண்டனையாக்கக் கூடாது. தோப்புக்கரணத்தில் அழுத பிள்ளை பின்பு உடற்பயிற்சி என்றாலே வெறுக்கும்.

“தொழுகையில் குனிந்து நிமிர்வதே போதாதா?” என்று சிலர் கேட்கலாம். தொழுகை இறைவனுக்குரிய வணக்கம். அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதுவது முறையன்று.

“விளையாடினால் பரீட்சை என்னாவது?” என்பது பெற்றோர் கவலை. ஆறாம் ஆண்டுக்கான யூ.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இல் நீக்கப்பட்டும் அந்தப் பயம் நீங்கவில்லை. இடையிடையே எழுந்து அசைந்த பிள்ளை, மறுபடி உட்காரும்போது பாடத்தில் அதிகம் ஊன்றுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஐந்து நிமிடத்தைக் கொடுத்து அரைமணிக் கவனத்தைப் பெறுவது நஷ்டமாகுமா?

கொழுந்துக் கூடை சுமந்த தாய்மார், தம் மக்கள் நல்ல நிலையடையவே பள்ளிக்கு அனுப்பினார்கள். அறிவு மட்டும் வளர்ந்து உடல் நலிந்தால் அவர்கள் கனவில் பாதியே நிறைவேறும். உபாத்தியாயர்களும், ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளும், பெற்றோர்களும் இதைச் சிந்திப்பார்களாக! நம் மக்களுக்கு இறைவன் அறிவையும் ஆரோக்கியத்தையும் ஒருங்கே அருள்வானாக! ஆமீன்.